மெழுகா, துணியா?

பிப்ரவரி 12, திங்கள்

எமிலி கிறிஸ்துமஸுக்குக் கொடுத்த டைரி ஒன்றரை மாதமாக அரிசி டப்பா மேல் கிடந்தது. இன்று தூசி தட்டி எடுத்துவிட்டேன், ஏனென்றால் வீட்டில் பேச ஆள் இல்லை. ஆள் இருக்கிறார். பேச்சுதான் இல்லை.

முதல் பக்கத்தில் கேட்டதை எல்லாம் நிரப்பினேன். பெயர் பெர்னதெத். வயது ஐம்பத்தொன்பது. தொழில், ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை. கணவர் பெயர் சவரியப்பன். வழக்கமாக 'அவர்' என்றுதான் எழுதுவேன். கோபத்தில் இருப்பதால் முழுப் பெயரையும் எழுதினேன்.

நேற்று நடந்தது இது. அவர் இந்தக் கொடைக்கானல் மலையிலேயே ஒரு சீஸ் கம்பெனியில் இருபத்தாறு வருடம் சூப்பர்வைசராக இருந்தவர். ஓய்வுபெற்ற பிறகும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார மாட்டார். மாதம் ஒரு தடவை எங்கள் பசு டெய்சியின் பாலோடு அக்கம்பக்கத்துப் பாலையும் சேர்த்து அடுப்படியிலேயே சீஸ் போடுவோம். நேற்று முப்பது லிட்டர். திரைந்த கட்டியை அச்சில் அமுக்கிப் பாரம் ஏற்றும்போது, மழை வரும்போல இருக்கிறது என்று சொல்கிற குரலில் சொன்னார்.

"ஓசூர்ல கிருபாகரன் புதுசா சீஸ் யூனிட் போடுறான். ரெண்டு வருசம் வந்து இருந்து ஓட்டிக் குடுங்கண்ணேங்குறான். ஈஸ்டர் முடிஞ்சு ஏப்ரல் மூணாந்தேதி வரச் சொல்றான்."

கிருபாகரன் அவருக்குக் கீழே பத்து வருடம் வேலை பார்த்தவர். நான் துணியைப் பிழிந்துகொண்டிருந்தேன். "போங்களேன். ஒங்க கையப் புடிச்சு யாரு இழுத்தா?" என்றேன். பக்கத்து வீட்டிலிருக்கும் என் நாத்தனார் எமிலியும் அப்போது அங்கேதான் நின்றாள். அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். "சரி. போறேன்" என்றார். அதோடு பேச்சு நின்றது.

இதில் என் தவறு எங்கே இருக்கிறது என்று யாராவது காட்டட்டும். என்னைக் கேட்டாரா? தகவல்தானே சொன்னார்? தாராளமாகப் போகட்டும். எனக்கு ஒன்றும் இல்லை. இன்று காலை கட்டியை அச்சிலிருந்து எடுத்தேன். மூன்றே கால் கிலோ, ஒரு கீறல் இல்லை. உப்புத் தண்ணீரில் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 14, சாம்பல் புதன்

கோவிலுக்குப் போகும்போது அவர் பத்தடி முன்னால். வரும்போது நான் பத்தடி முன்னால்.

எமிலி என் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள். "மதினி, நான் போன தவக்காலத்துக்குக் கறிய விட்டேன். நீங்க ரெண்டு பேரும் பேச்ச விட்டுட்டீகளா?"

நல்ல யோசனையாக இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிட்டேன். மதியத்துக்குள் ஊர் முழுக்கப் பரவி, கோவில் ஜெபக் குழுவான மரியாயின் சேனைப் பெண்கள் இரண்டு பேர் வந்து என் கையைத் தொட்டுக் கும்பிட்டுப் போனார்கள்.

பிப்ரவரி 16, வெள்ளி

கட்டி உருளைக்கிழங்கு அறையில் பலகைமேல் காய்கிறது. வடக்குப் பார்த்த அறை, வெயில் தலைகாட்டாது, முன்பு உருளைக்கிழங்கு மூட்டை அடுக்குவோம். அங்கேயே மூன்று மாதம் கிடந்து சீஸ் முற்ற வேண்டும். அதற்கு முன்னால் மேலே எதையாவது பூசியாக வேண்டும், இல்லையென்றால் காய்ந்து வெடிக்கும், கண்ட பூஞ்சையும் குடியேறும். எதைப் பூசுவது என்று வழக்கமாக நானும் அவரும் ஒரு மணி நேரம் சண்டை போட்டு முடிவு செய்வோம். இந்தத் தடவை சண்டையும் எமிலி வழியாகத்தான்.

அவள் வேலிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு ஒப்பித்தாள். "அண்ணே சொல்லுது, செவப்பு மெழுகு ஒரு கட்டி பீரோ மேல இருக்காம். உருக்கிப் பூசச் சொல்லுது. மெழுகு பூசிட்டா தெனம் தொடைக்க வேணாம், தட்ட வேணாம், வாரத்துக்கு ஒருக்க திருப்பிப் போட்டாப் போதுமாம். மதினி ஒண்டியா இருந்தாலும் ஒரு சிரமமும் இல்லங்குது."

ஒண்டியாக இருந்தாலுமாம்.

"நெய் தடவித் துணி சுத்தப்போறேன்னு சொல்லு" என்றேன்.

"அதுக்குத் தெனமும் திருப்பணுமே மதினி. பூஞ்ச தட்டணும், நெய் தடவணும். ஒரு ஆளு கூடவே கெடக்கணுமே!"

"அதான் சொல்றேன்."

துணி சுற்றிய சீஸுக்கு ருசி அதிகம். வேறு காரணம் எதுவும் கிடையாது.

பிப்ரவரி 17, சனி

எமிலி சமாதானத் தூது வந்தாள். கோவிலில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகள் ஒரு பை நிறைய. "இதும் மெழுகுதான மதினி? மந்திரிச்சது வேற."

போன மாதத்துச் சீஸில் ஒரு துண்டு வெட்டி, அவள் மனம் நோகக் கூடாதென்று அதை உருக்கிப் பூசிக் காட்டினேன். மாலைக்குள் பொரிப்பொரியாக உதிர்ந்துவிட்டது. சீஸுக்குப் பூசும் மெழுகு வளைந்து கொடுக்கும், மெழுகுவர்த்தி மெழுகு வளையாது. இந்த வீட்டில் வளைந்து கொடுப்பவர் யாருமே இல்லாததால் நான் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை.

பிப்ரவரி 18, ஞாயிறு

துணி தேடினேன். மெல்லிய பருத்தியாக இருக்க வேண்டும். ஓசூருக்கு அவர் எடுத்து வைத்திருக்கும் பெட்டியைத் தூசி தட்டத் திறந்தபோது மேலாக ஒரு வேட்டி இருந்தது. பழசு என்று நினைத்துக் கிழித்துவிட்டேன். கிழித்த பிறகுதான் கடை லேபிள் ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் கிழித்தேன். இருந்தாலும் சில சமயம் கண்ணில் படுவதில்லை.

மேலே ஒரு வட்டம், கீழே ஒரு வட்டம், சுற்றிலும் நீளப்பட்டை. நெய்யை லேசாக இளக்கிக் கட்டிமேல் தடவி, துணியை ஒட்டி, காற்று இல்லாமல் கட்டைவிரலால் நீவி, அதன்மேல் மறுபடி நெய். வேட்டியின் பச்சைக் கரை கட்டியின் இடுப்பில் சுற்றி வந்தது, பார்க்க லட்சணமாக இருந்தது. எந்தப் பக்கம் மேல் என்று தெரிய வேண்டுமே, அதற்காக மேல்வட்டத்தில் சிவப்பு மையால் ஒரு 'சரி' போட்டேன். முப்பத்தோரு வருடப் பழக்கம்.

மாலையில் அவர் வேட்டியைத் தேடினார். பெட்டி, பீரோ, கொடி. பிறகு உருளைக்கிழங்கு அறைக்குள் போய், போன வேகத்தில் வெளியே வந்தார். நேரே தொழுவத்துக்குப் போய் நின்றார்.

"ஏன் டெய்சி, ஒனக்கு இருக்குற புத்தி இந்த வீட்ல வேற யாருக்காச்சும் இருக்கா?"

நான் சன்னல் ஓரத்து ரோஜாச் செடியிடம் கேட்டேன். "விட்டுட்டுப் போறவுகளுக்குப் புது வேட்டி ஒரு கேடா?"

ரோஜாவும் டெய்சியும் கண்ணியமாக நடந்துகொண்டன.

பிப்ரவரி 20, செவ்வாய்

சிவப்பு மெழுகுக் கட்டி வீட்டுக்குள் நடமாடத் தொடங்கியிருக்கிறது. நேற்றுக் காலை அரிசி டப்பாவுக்குள் கிடந்தது. எடுத்து அவர் செருப்பில் வைத்தேன். மாலையில் என் தலையணை உறைக்குள் வந்துவிட்டது. இன்று அவருடைய மப்ளரில் சுற்றி வைத்தேன்.

அதற்குப் பதில் சொல்ல எமிலி வந்தாள். "அண்ணே சொல்லுது, அந்த நெய்ப் பொட்டலத்த இனிமே ஏறிட்டும் பாக்க மாட்டாராம். கெட்டா கெட்டுப் போகட்டும்னுட்டாரு."

"நானும் தொட மாட்டேன்னு சொல்லு. அவுக போட்ட சீஸு. கெட்டுப்போனா எனக்கென்ன வந்துச்சு?"

"அப்பத் தெனம் யாரு திருப்புறது?"

"யாரும் இல்ல."

எமிலி நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு போனாள்.

பிப்ரவரி 21, புதன்

காலை ஆறரைக்கு அவர் பூசைக்குக் கிளம்பியதும் உருளைக்கிழங்கு அறைக்குப் போய்க் கட்டியைப் புரட்டினேன். 'சரி' கீழே போனது. யாருக்கும் தெரியாது. முப்பது லிட்டர் பால் வீணாகக் கூடாது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 22, வியாழன்

புரட்டப் போனபோது 'சரி' மேலே இருந்தது. நேற்று அதைக் கீழே போட்டதாகத்தான் ஞாபகம்.

பிப்ரவரி 25, ஞாயிறு

நான்கு நாளாக இதே கதை. காலையில் போனால் 'சரி' மேலே. புரட்டிக் கீழே போட்டுவிட்டு வருகிறேன். மறுநாள் காலையில் போனால் மறுபடி மேலே. அப்படியென்றால் முதல்நாள் புரட்டவே இல்லை என்றுதான் பொருள். ஆனால் புரட்டினேனே.

அவர் புரட்டியிருக்க மாட்டார். அவர் வார்த்தை மாற மாட்டார். ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்றால் பார்க்க மாட்டார். போகிறேன் என்றால் போவார்.

பிப்ரவரி 27, செவ்வாய்

காலை 6.40. புரட்டினேன். புரட்டிய கையோடு, நெய்ப்பிசுக்கு போகும் முன்பே இதை எழுதுகிறேன். பக்கத்தில் கறை பட்டிருப்பதே சாட்சி.

பிப்ரவரி 28, புதன்

மேலே இருக்கிறது.

மார்ச் 5, செவ்வாய்

பயமாக இருக்கிறது. என் பெரியக்காவுக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. கதவைப் பூட்டினேனா, பாலை இறக்கினேனா என்று கேட்டுக்கொண்டே இருப்பாள். கடைசியில் என்னைப் பார்த்தே, இந்தம்மா யாரு என்றாள். நான் வெளியே வந்து அழுதேன். அந்த நாளைப் பற்றி நான் யாரிடமும் பேசியதில்லை.

என்னை நானே பரீட்சை வைத்துப் பார்த்தேன். தொண்ணூற்று நான்காம் வருடத்து ஐந்தாம் வகுப்பு வருகைப் பதிவேட்டை இனிஷியலோடு ஞாபகத்திலிருந்து ஒப்பித்தேன். நாற்பத்து மூன்று பேரில் நாற்பத்தொருவர் வந்துவிட்டார்கள். வராத இரண்டு பேரும் அந்தக் காலத்திலேயே அடிக்கடி லீவு போட்டவர்கள்தான். ஆனாலும் மனம் ஆறவில்லை. இதை அவரிடம் சொன்னால் இரண்டு வார்த்தையில் பயத்தைப் போக்கிவிடுவார். சொல்ல முடியாது. நான் முதலில் பேச மாட்டேன்.

மார்ச் 9, சனி

சீஸ் மட்டும் ராஜபோகமாக இருக்கிறது. துணிமேல் சாம்பல் நிறத்தில் பூஞ்சை சீராகப் படர்கிறது. நேற்று அதை யாரோ பிரஷ்ஷால் தட்டிவிட்டதுபோல் இருந்தது. நான்தான் தட்டிவிட்டு மறந்திருக்க வேண்டும்.

மார்ச் 13, புதன்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும்.

நான் தினமும் மாலை ஐந்து மணிக்குப் பால் சொசைட்டிக்குப் போய் ஆறு மணிக்குத் திரும்புவேன். இன்று வழியில் எமிலி மறித்தாள். முகம் வாடியிருந்தது.

"மதினி, சொல்லக் கூடாதுன்னு அண்ணே சத்தியம் வாங்கிருக்கு. சொல்லாம இருக்கவும் முடியல. அண்ணனுக்கு மறதி வந்துருச்சு."

"என்ன மறதி?"

"போன வாரம் மல எறங்கி ஒரு டாக்டரப் பாத்துட்டு வந்துச்சு. வைட்டமின் ஊசி போட்டுக்கிட்டு இருக்கு. என்னத்தையோ சாயங்காலம் திருப்பி வச்சேன், திருப்பி வச்சேங்குது. மறுநா சாயங்காலம் பாத்தா திருப்பாமக் கெடக்காம். உள்ளங்கையில பேனாவுல எழுதி வச்சும் பாத்துருச்சு. ஓசூருக்கும் போன் போட்டு வரலைன்னு சொல்லிருச்சு. மறதிக்காரன நம்பி ஆயிரம் லிட்டர் பால ஊத்துனா வெளங்குமான்னு கிருபாகரன்கிட்டச் சொல்லி அழுதுச்சு மதினி."

நான் சொசைட்டிக்குப் போகவில்லை. பால் கேனை எமிலி கையில் திணித்துவிட்டு நேரே தொழுவத்துக்குப் போனேன். டெய்சியின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சிரித்தேன். கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன். எனக்கு மறதி இல்லை! அவருக்கும் இல்லை! காலையில் அவர் பூசைக்குப் போனதும் நான் புரட்டுகிறேன். மாலையில் நான் சொசைட்டிக்குப் போனதும் அவர் புரட்டுகிறார். ஏறிட்டும் பார்க்க மாட்டேன் என்று சத்தியம் செய்த மனிதர் தினம் போய்த் தூக்கிப் புரட்டி, பிரஷ்ஷால் தட்டிவிட்டும் வருகிறார்.

உடனே போய்ச் சொல்லிவிடத்தான் எழுந்தேன். தொழுவ வாசலுக்கு வந்தபோதுதான் எமிலி சொன்னதில் மீதிப் பாதி எனக்கு உறைத்தது. ஓசூருக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டாராம்.

சொன்னால் போய்விடுவார். சொல்லாவிட்டால் இருப்பார்.

திரும்பிப் போய் டெய்சிக்குத் தண்ணீர் காட்டினேன்.

மார்ச் 14, வியாழன்

பெட்டியைப் பரண்மேல் ஏற்றிவிட்டார். நான் பார்க்காததுபோல் பார்த்தேன். மதியம் பாயசம் வைத்தேன். தவக்காலத்தில் என்ன பாயசம் என்று எமிலி கேட்டாள். பால் மிஞ்சிவிட்டது என்றேன்.

காலையில் வழக்கம்போலப் புரட்டினேன். பழக்கத்தை ஏன் மாற்ற வேண்டும்?

மார்ச் 18, திங்கள்

இன்று அடுத்த சீஸ் போடுகிற நாள். பால் வந்து நின்றது. அவர் போடவில்லை. எமிலியிடம் சொல்லியிருக்கிறார். "வேணாம்மா, உப்பு போட்டேனா இல்லையான்னு எனக்கே தெரியாது. அத்தன பேரு வீட்டுப் பாலக் கெடுக்க வேணாம்."

இருபத்தாறு வருடம் விரலை விட்டுப் பார்த்தே பாலின் சூட்டைச் சொன்னவர். இன்று அடுப்பை அணைத்துவிட்டு மூன்று தடவை திரும்பி வந்து பார்த்துவிட்டுப் போனார். நான் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன், அது வசதியாகப் போயிற்று.

பேசாமலேயே இதைச் சரிசெய்ய ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். நாளையிலிருந்து நான் புரட்டப் போவதில்லை. அவர் வைத்தது வைத்தபடி இருக்கும். மறதி போய்விட்டது, ஊசி கேட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். பெட்டி ஏற்கெனவே பரணில் இருக்கிறது. முப்பத்தோரு வருட நிர்வாக அனுபவம் வீண்போகவில்லை.

மார்ச் 22, வெள்ளி

நான்கு நாளாகத் தொடவில்லை. அவர் முகம் தெளிந்துவிட்டது. இன்று சவரம் செய்துகொண்டே விசிலடித்தார்.

மார்ச் 24, குருத்து ஞாயிறு

பெட்டி பரணிலிருந்து இறங்கிவிட்டது.

எமிலி குருத்தோலையும் கையுமாக ஓடிவந்தாள். "அண்ணனுக்குக் கொணமாயிருச்சு மதினி! அஞ்சே ஊசி! கிருபாகரன்கிட்ட மறுபடி வாரேன்னு சொல்லிருச்சு. மூணாந்தேதி காலைல பஸ்ஸு."

நிர்வாக அனுபவத்தைப் பற்றி முன்னே எழுதியதை அடித்துவிடுகிறேன்.

மார்ச் 26, செவ்வாய்

இன்று காலை ஆறே முக்காலுக்குத் தவறுதலாகக் கட்டியைப் புரட்டிவிட்டேன்.

மார்ச் 27, புதன்

நேற்று மாலை அவர் உருளைக்கிழங்கு அறையிலிருந்து வந்து முற்றத்தில் உட்கார்ந்தவர், டீயைக் குடிக்கவில்லை. நான் வைத்த டம்ளர் அப்படியே ஆடை கட்டிக் கிடந்தது. உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்று ஈஸ்டர் பாவசங்கீர்த்தனம். வரிசையில் நின்று போய் முழங்காலிட்டேன். கோபப்பட்டேன், பிறரைப் பற்றிப் பேசினேன் என்று வழக்கமாகச் சொல்லும் இரண்டையும் ஒப்பித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன். சாமியார் பரிகாரமாக மூன்று அருள்நிறை மந்திரம் சொல்லச் சொன்னார். எனக்கு மூன்று போதாது என்று தெரியும்.

மார்ச் 28, பெரிய வியாழன்

துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் ஒரு தாள் அகப்பட்டது. நான்காக மடித்து, நனையாமல் பிளாஸ்டிக் உறை போட்டு வைத்திருக்கிறார். அவருடைய குண்டுக் கையெழுத்து.

'என் பெயர் சவரியப்பன். எனக்கு ஞாபக மறதி உண்டு. நான் வழி தெரியாமல் நின்றால் என் மனைவி பெர்னதெத் டீச்சரிடம் என்னைச் சேர்த்துவிடவும்.' கீழே என் போன் நம்பர்.

துவைக்கிற கல்மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் செய்தது பாவம். விளையாட்டு இல்லை, வீம்பு இல்லை, பச்சைப் பாவம். அக்காவுக்கு வந்த பயத்தை இந்த மனிதருக்கு என் கையாலேயே ஊட்டியிருக்கிறேன், அதுவும் தெரிந்தே.

மாலை ஐந்துக்கு எமிலியைச் சொசைட்டிக்கு அனுப்பிவிட்டு, நான் உருளைக்கிழங்கு அறையில் முக்காலி போட்டு உட்கார்ந்தேன். ஐந்து பத்துக்கு அவர் வந்தார். கையில் பிரஷ். என்னைப் பார்த்ததும் பிரஷ்ஷை முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

"ஒங்களுக்கு மறதி இல்ல" என்றேன். நாற்பத்தாறு நாளில் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. "நீங்க சாயங்காலம் திருப்புனத நான் காலைல திருப்பிட்டேன்."

அவர் கட்டியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "தொட மாட்டேன்னு சொன்ன?"

"ஏறிட்டும் பாக்க மாட்டேன்னு நீங்க சொல்லல?"

"எத்தன நாளாத் திருப்புற?"

"நீங்க திருப்புன மொத நாள்லேருந்து. எனக்கும் மறதின்னு நெனச்சுப் பயந்து கெடந்தேன். எமிலி சொல்லித்தான் வெளங்குச்சு."

"எமிலி எப்பச் சொன்னா?"

இங்கேதான் நான் பொய் சொல்லியிருக்க முடியும். நேற்று என்று சொன்னால் முடிந்தது. வாயில் வரைக்கும் வந்தது. "ரெண்டு வாரம் ஆச்சு" என்றேன்.

அவர் பலகை ஓரத்தில் மெதுவாக உட்கார்ந்தார். "ரெண்டு வாரம். அஞ்சு ஊசி போட்டுருக்கேன் டீச்சர். கை தூக்க முடியல. நடுவுல ஒரு வாரம் சரியாயிருந்துச்சே?"

"அப்ப நான் திருப்பல. ஒங்க மனசு தேறட்டும்னு நிப்பாட்டுனேன். நீங்க தேறிப் பெட்டிய எறக்கிட்டீக. அதுனால செவ்வாக்கெழம வேணும்னே திருப்பிப் போட்டேன்."

"ஏன்?"

"மறதி இருந்தாத்தான் போக மாட்டீகன்னு."

எல்லாம் சொல்லியாகிவிட்டது. திட்டட்டும் என்று காத்திருந்தேன். அவர் எழுந்தார், பிரஷ்ஷைப் பலகைமேல் வைத்தார், வெளியே போய்விட்டார்.

மார்ச் 29, பெரிய வெள்ளி

இன்று வீட்டில் யாரும் பேசவில்லை. பெரிய வெள்ளி என்பதால் எமிலிக்குக்கூடச் சந்தேகம் வரவில்லை.

மார்ச் 30, சனி

காலையில் சிவப்பு மெழுகைத் தேடினேன். அது அவர் பெட்டிக்குள் சட்டைகளுக்கு அடியில் இருந்தது, யார் எப்போது வைத்தோம் என்று தெரியவில்லை. உடைத்துச் சட்டியில் போட்டு, கொதிக்கும் தண்ணீர்மேல் வைத்தேன். கட்டியைத் தூக்கி வந்து மேஜைமேல் வைத்துக் கத்திரிக்கோலை எடுத்தேன்.

"என்ன செய்ற?" அடுப்படி வாசலில் நின்றார்.

"துணிய உரிச்சுட்டு மெழுகு பூசப்போறேன். பூசிட்டா வேல இல்ல. வாரம் ஒருக்க திருப்புறதுக்கு நான் ஒருத்தி போதும். நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க."

"போகச் சொல்றியா?"

"இல்ல. போகாதீகன்னு சொல்றேன். எனக்கு ஒங்க கூட இருக்கணும். சண்ட போடவாச்சும் ஒங்க கூட இருக்கணும். ஆனா ஆசப்பட்டுப் போறீகன்னா நான் தடுக்க மாட்டேன். திருட்டு வேல செஞ்சு ஒருத்தர நிப்பாட்டுறது எனக்கே அசிங்கமா இருக்கு."

அவர் உள்ளே வந்து அடுப்பை அணைத்தார். ஒரே தடவைதான் அணைத்தார், திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு என் கையிலிருந்து கத்திரிக்கோலை வாங்கிக்கொண்டார்.

"ஓசூர்னு சொன்னன்னைக்கி நீ வேணாம்னு ஒரு வார்த்த சொல்லுவன்னு பாத்தேன்."

"நீங்க போகட்டுமான்னு ஒரு வார்த்த கேப்பீகன்னு நான் பாத்தேன்."

"கேட்டா போகாதன்னு சொல்லுவியே, அதான் கேக்கல."

"இதுல நான் என்னத்தச் சொல்ல?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்தது. கட்டியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்து, தட்டி, மோந்து பார்த்தார். "தெனம் ரெண்டு வேள திருப்புன சீஸ என் சர்வீஸ்லயே பாத்ததில்ல. பூஞ்ச எம்புட்டு சமமா ஏறியிருக்கு பாரு. இதுல மெழுகு பூசுறவன் மடையன். துணி கெடக்கட்டும்."

"துணின்னா தெனமும் ஆளு வேணுமே?"

"கிருபாகரன்கிட்ட, மாசத்துல ரெண்டு நாளு போயி எட்டிப் பாத்துட்டு வாரேன்னு இப்பத்தான் போன்ல சொன்னேன். மீதி நாளு இங்கதான கெடக்கப்போறேன்?"

நான் அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். தலைமை ஆசிரியை அழுவதை யாரும் பார்க்க வேண்டியதில்லை. அவர் பார்த்துவிட்டார், தோளில் கையை வைத்தார். ஊசி போட்ட கைதான்போல, வைத்ததும் ஸ்ஸ் என்றார்.

"ஆனா ஒண்ணு டீச்சர். இனிமே ரெண்டு பேரும் ஒரே நாளுல திருப்பக் கூடாது. திங்க, புதன், வெள்ளி நீ. செவ்வா, வியாழன், சனி நான்."

"ஞாயித்துக்கெழம?"

"நான்."

"அதெப்படி? துணி சுத்துனது நான்."

"சீஸு போட்டது நானு. வேட்டியும் என்னோடது."

மார்ச் 31, ஈஸ்டர் ஞாயிறு

ஞாயிறு யாருக்கு என்பது இன்னும் முடிவாகவில்லை. கோவிலுக்குப் போகும் வழி முழுக்க அதைத்தான் பேசிக்கொண்டு போனோம். எமிலி எங்களுக்கு நடுவில் நடந்தவள், காதைப் பொத்திக்கொண்டு முன்னால் ஓடிவிட்டாள். தவக்காலமே நல்லா இருந்துச்சு என்று அவள் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

கிளம்புவதற்கு முன்னால், அவர் சட்டைப் பொத்தான் போடுகிற நேரத்தில், நான் பூனைபோல் உருளைக்கிழங்கு அறைக்குப் போய்க் கட்டியைப் புரட்டிவிட்டேன். 'சரி' கீழே போனது. பூசை முடிந்து, எல்லோருக்கும் கைகொடுத்து, கேக் சாப்பிட்டுவிட்டு நான் வீட்டுக்கு வந்தபோது பத்தரை. அவர் எனக்குக் கால்மணி நேரம் முன்பே வந்து, ஒன்றும் தெரியாதவர்போல் டெய்சிக்குப் புல் போட்டுக்கொண்டிருந்தார்.

நான் போய்ப் பார்த்தேன். 'சரி' மேலே இருந்தது.

"ஏங்க!" என்று கத்தினேன்.

"ஞாயித்துக்கெழம என்னோடது!" என்று தொழுவத்திலிருந்து பதில் வந்தது.